இருபத்திரண்டு சரியான விடைகள்

14.11.2014 – விரைவு அஞ்சல், பெங்களூர் – ரூ. 39
22.2.2016 – விரைவு அஞ்சல், பெங்களூர் – ரூ. 41
5.3.2016 – புதுச்சேரி, பேருந்து போக வர – ரூ. 96
13.3.2016 – காடாம்புலியூர், பேருந்து போக வர – ரூ. 24
14.3.2016 – விரைவு அஞ்சல், பெங்களூர் – ரூ. 41

தமிழ்நிலா என்ற மாணவிக்காகச் சந்திரா தன் கைப்பணத்திலிருந்து செலவழித்தது மொத்தம் 241 ரூபாய். முதல் இரண்டு அஞ்சலும் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்தவை. மூன்றாவது, அதைச் சரிசெய்யப் போனது.

சந்திராவுக்குப் பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். 1996-இல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த மருதமுத்துவைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தார். பதினெட்டாம் வட்டத்தில் குவார்ட்டர்ஸ். வேதியியலில் எம்.எஸ்சி., எம்.பில். வரை படித்தவர். பிஎச்.டி.க்கு ஒருமுறை பதிவு செய்தார், வயிற்றில் பிள்ளை உண்டானதும் விட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பத்து ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளர். 2009-இல்தான் வேலை நிரந்தரமானது.

தனக்கு வாய்க்காதது தன் மாணவர்களுக்காவது வாய்க்கட்டும் என்று 2012 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கூடத்தில் வகுப்பு எடுத்தார். பாடம் நடத்துகிற வகுப்பு அல்ல. பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் ஆராய்ச்சி நிலையங்களுக்கு எப்படி விண்ணப்பிப்பது, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அங்கே போய் வேலை பழகுவது எப்படி, நேரே பிஎச்.டி.யில் கொண்டுபோய்விடும் படிப்புகளின் நுழைவுத் தேர்வில் என்ன கேட்பார்கள், இவையெல்லாம். ஆறேழு பேர் வருவார்கள். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். நாலு வருடத்தில் சந்திரா பதினோரு பேருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் போதவில்லை என்று அவர் தனக்கே காரணம் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி தமிழ்நிலா. காடாம்புலியூர்க்காரி. அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவர். அப்பா இல்லை. அண்ணன் கலைச்செல்வன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஏழு வருடமாகப் பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தான். வீட்டில் ஒரே பேச்சு, பி.எஸ்சி. முடிந்ததும் பி.எட்.

2014 செப்டம்பர் 18, வியாழக்கிழமை, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை இன்டர்னல் தேர்வு. ஒவ்வொருவருக்கும் குடுவையில் அளந்து கொடுத்த இரும்பு உப்புக் கரைசல். அதில் எத்தனை கிராம் இரும்பு இருக்கிறது என்று, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறி நிலைக்கும் 'எண்ட் பாயிண்ட்'டைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற சரியான விடை ஆசிரியர் கையில் இருக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கீ'. அந்தக் கீ எப்படியும் தேர்வுக்கு முன்பே வெளியே போய்விடும். மாணவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற அளவீடுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புவார்கள். ஆசிரியர்களுக்கும் இது தெரியும். அவர்களும் அப்படிப் படித்து வந்தவர்கள்தான்.

அன்று இருபத்து மூன்று பேர். இருபத்திரண்டு பேருக்கு விடை கீயோடு அச்சாகப் பொருந்தியது. தமிழ்நிலாவுக்கு மட்டும் 0.58 கிராம் வர வேண்டிய இடத்தில் 0.53.

"எங்கயோ சிந்திட்டே. திரும்பச் செய்," என்றார் சந்திரா.

"மூணு வாட்டி செஞ்சிட்டேன் மேடம். அதேதான் வருது."

"உன் எண்ட் பாயிண்ட் சரியில்ல. மத்தவங்க எல்லாருக்கும் எப்படி வருது?"

"அவங்களுக்கு எப்படி வருதுன்னு உங்களுக்கே தெரியும் மேடம்."

பின்வரிசையில் ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சந்திராவுக்கு முகம் சுட்டது.

"வாயிருக்குன்னு பேசாதே. ரீடிங்க மாத்தி எழுது, இல்லாட்டி மார்க் போயிடும்."

"பியூரெட்டு சொல்றதத்தான் மேடம் எழுத முடியும்," என்றாள் அவள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சந்திரா இருபதுக்கு ஒன்பது போட்டார். மற்றவர்களுக்கெல்லாம் பதினெட்டும் பத்தொன்பதும்.

மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்னால், மிச்சமிருந்த மூலக் கரைசல் பாட்டிலை எடுத்து, தமிழ்நிலாவுக்குக் கொடுத்த அதே அளவை ஊற்றிச் சந்திரா தானே ஒருமுறை செய்து பார்த்தார். எதற்காகச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கியபோதே தெரிந்துவிட்டது. இளம்பச்சையாக இருக்க வேண்டிய கரைசல் மஞ்சளடித்திருந்தது. ஐந்து நாளைக்கு முன்பே தயாரித்து, போதிய அமிலம் சேர்க்காமல் வைத்ததில் உப்பில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. கணக்கு முடிந்தபோது தாளில் வந்த எண் 0.53.

அப்படியானால் அந்த இருபத்திரண்டு விடைகளும் பொய். ஒரே ஒரு பெண்தான் குடுவையில் உள்ளதைப் பார்த்திருக்கிறாள்.

சந்திரா பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மார்க் பட்டியல் முந்தின நாளே அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கினால் வகுப்பு முழுவதற்கும் மறுதேர்வு. கீ எப்படி வெளியே போனது என்று கேள்வி வரும். துறைத்தலைவர் ராமலிங்கம் குதிப்பார். ஒரு பெண்ணுக்குப் பத்து மார்க்தானே, அடுத்த தேர்வில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். சேர்த்தும் போட்டார். அதோடு அந்த விஷயத்தை மூடினார்.

நவம்பரில் தமிழ்நிலா பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். பரிந்துரைக் கடிதம் சந்திரா எழுத வேண்டும். நல்லபடியாகத்தான் எழுத நினைத்தார். அந்தப் பெண் எதிர்த்துப் பேசியதை மறந்துவிட்டு, மனசார, தன்னிடம் இருந்த மிக உயர்ந்த சொற்களைப் போட்டார்: ஒபீடியன்ட், சின்சியர், ரெகுலர். சொன்னபடி கேட்பவள், உண்மையாய் உழைப்பவள், நாள் தவறாமல் வருபவள். எல்லாருக்கும் எழுதிய அதே கடிதம், பெயர் மட்டும் வேறு. உறையை ஒட்டும்போது, ஒரு குறையை மறைத்துக் கொடுத்து நன்மை செய்துவிட்டதாகக் கூட அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

இடம் கிடைக்கவில்லை.

2016 பிப்ரவரியில் தமிழ்நிலா அதே நிலையத்தில் பிஎச்.டி. வரை போகும் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். மதிப்பெண் நன்றாகவே வரும் போலிருந்தது. நேர்காணலுக்குக் கூப்பிடுவது மதிப்பெண்ணையும் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான். சந்திரா கணினியில் பழைய கடிதத்தைத் திறந்தார். தேதியை மாற்றினார். 22-ஆம் தேதி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் 5-ஆம் தேதி, கல்லூரி ஆசிரியர்களுக்குப் புதுச்சேரியில் ஒரு பயிலரங்கம். இளநிலை மாணவர்களை ஆராய்ச்சிக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. பேச வந்தவர் சோமசுந்தரம் என்ற பேராசிரியர், அதே பெங்களூர் நிலையத்தில் மாணவர் தேர்வுக் குழுவில் இருப்பவர். மதுரைக்காரர், வேடிக்கையாகப் பேசுபவர். பெயர்களை மறைத்துவிட்டுச் சில பரிந்துரைக் கடிதங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"வருஷத்துக்கு ஆயிரம் கடிதம் வருதுய்யா. எல்லாத்துலயும் ஒபீடியன்ட். எல்லாத்துலயும் ரெகுலர். நான் என்ன பட்டாளத்துக்கா ஆள் எடுக்கேன்?"

அரங்கம் சிரித்தது. சந்திராவும் சிரித்தார். பிறகு திரையில் இருந்த மூன்றாவது கடிதத்தைப் பார்த்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் அவருடையது. முதல் வரியில் அவர் எப்போதும் செய்யும் எழுத்துப் பிழைகூட அப்படியே இருந்தது.

"இதை என்ன செய்வீங்க சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ன செய்ய? கீழ வச்சிருவேன். இந்தப் புள்ள யாருன்னு எனக்கு ஒண்ணுமே தெரியலியே. எனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதுங்க போதும். அந்தப் புள்ள எப்ப உங்களோட சண்டை போட்டுச்சு? எதுக்காகப் போட்டுச்சு? அதை எழுதுங்க, நான் கூப்பிட்டுக்கிடுறேன்."

மதியச் சாப்பாட்டில் சந்திரா இலையைத் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார். சோமசுந்தரத்தைத் தேடிப் போய், அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாக வேறு அனுப்பலாமா என்று கேட்டார்.

மருதமுத்துவுக்கு அன்று முதல் ஷிப்ட். வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் சந்திரா எல்லாவற்றையும் சொன்னார். மஞ்சளடித்த பாட்டிலையும் சேர்த்து. ஒன்றரை வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

"கடிதம் போயாச்சே, இப்ப என்ன செய்ய முடியும்?"

"மார்ச் பதினெட்டு வரைக்கும் வேற கடிதம் அனுப்பலாமாம். சார்கிட்ட கேட்டுட்டேன்."

"அப்ப அனுப்பு. இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? அந்தப் பிள்ளை சொன்னது சரி, எனக்கு மறுநாளே தெரியும், தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன்னு எழுதணுங்க. அதை எழுதலேன்னா சண்டையை மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்?"

மருதமுத்து டம்ளரை வைத்தார். "உன் வேலைக்கு ஒண்ணும் வந்துராதே?" என்றார்.

துறைத்தலைவர் ராமலிங்கம் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அறைக்கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, இது நம்ம காலேஜ்ல மட்டுமா நடக்குது? நீங்க படிக்கும்போது கீ பார்க்கலியா? நான் பார்க்கலியா?"

"பார்த்தோம் சார்."

"அப்புறம்? காலேஜ் லெட்டர்ஹெட்ல அது போகக்கூடாது. முத்திரையும் கிடையாது. உங்க சொந்தப் பேப்பர்ல நீங்க என்னத்தையோ எழுதுங்க, எனக்குத் தெரியாது."

கடிதத்தில் தமிழ்நிலாவின் பெயர் வருவதால் அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று சந்திராவுக்குத் தோன்றியது. வகுப்பில் சொல்லத் தைரியம் இல்லை. 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வகுப்பை நிறுத்திவிட்டுக் காடாம்புலியூர் போனார். முந்திரி பூத்திருந்த காலம். பேருந்து நிறுத்தத்தில் கலைச்செல்வன் பைக்கோடு நின்றிருந்தான்.

"வாங்க டீச்சர். பாப்பா எதுனா தப்பு பண்ணிடுச்சா? வூடு தேடி வந்திருக்கீங்களே."

"இல்லப்பா. தப்பு என்னோடது."

அவன் அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சிரித்தான். வழியெல்லாம் பி.எட். பற்றிப் பேசினான். விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னான். "அஞ்சு வருசம் படிச்சிக்கினே இருந்தா எப்போ டீச்சர் சம்பாதிக்கிறது? நானே கான்ட்ராக்ட்டுல காய்ஞ்சிக்கினு இருக்கேன்."

வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் தமிழ்நிலா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தான் நின்றாள். சந்திரா சுற்றி வளைக்காமல் சொன்னார். கரைசல் கெட்டுப்போனது, தான் மறுநாள் காலை செய்து பார்த்தது, வந்த எண், கழுவிய பாட்டில், ஒன்பது மார்க்.

தமிழ்நிலா கேட்டாள்: "அப்போ அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அன்னிக்கு நைட்டு பூரா அழுதுகினு இருந்தேன் மேடம். எல்லாருக்கும் கரெக்டா வருது, எனக்கு மட்டும் கை வரல, நமக்கெல்லாம் இது ஆவாதுன்னு. அம்மாகிட்டக்கூட சொல்லல."

"தப்புதான்மா."

"இருங்க மேடம், முழுசா கேளுங்க." அவள் குரல் உயர்ந்தது. "அதுக்கப்புறம் எனக்கு இருபதுக்கு இருபது போட்டீங்களே, எல்லா பிராக்டிகல்லயும், எப்படின்னு நெனைக்கிறீங்க? நானும் கீ கேட்டுத்தான் எழுதுறேன். மொதல்ல பக்கத்துல இருக்கறவ ரீடிங்க பார்ப்பேன். என்னுது வேறயா இருந்துச்சுன்னா என்னுத அடிச்சிடுவேன். இப்போ அதான் பழக்கம்."

சந்திரா நினைத்துவைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் எதுவும் அதற்குமேல் உதவவில்லை. ஒரு கடிதத்தைத் திருத்தினால் போதும் என்று வந்தவர் அவர். அந்தக் கடிதத்தில் எழுத நினைத்த பெண்ணையே தான் இல்லாமல் செய்திருப்பது இப்போதுதான் தெரிந்தது.

"இதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள் தமிழ்நிலா.

"நீ வேண்டாம்னா எழுதல. எழுதினா உனக்கு இடம் கிடைக்காமப் போகலாம்."

"எழுதலேன்னா?"

"கூப்பிடுவாங்க. நிச்சயமாக் கூப்பிடுவாங்க."

அவள் காலடியில் கிடந்த பலாப்பிஞ்சு ஒன்றைக் காலால் தள்ளினாள். "கூப்ட்டு, நான் பெரிய இவளுன்னு நெனச்சிக்கினு இருப்பாங்க. அங்க போயி முழிக்கிறது யாரு? எழுதிடுங்க மேடம். எதுவும் வுடாம எழுதுங்க. ஆனா யாரு கத்துக் குடுத்தாங்கன்னும் எழுதுங்க."

"அதைத்தான் முதல்ல எழுதுவேன்," என்றார் சந்திரா.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. வெள்ளைத் தாளில், குவார்ட்டர்ஸ் முகவரியில். அதில் ஒபீடியன்ட் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது: "நான் அவளைக் கீழ்ப்படிய வைத்தேன்." மறுநாள் அஞ்சலில் சேர்த்தார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மே 24. கலைச்செல்வன் இரண்டு நாள் ஷிப்டை விட்டுவிட்டுத் தங்கையோடு பெங்களூர் போனான். அன்று மாலை தமிழ்நிலா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கேள்வியெல்லாம் கேட்டுட்டு, பியூரெட்டு குடுத்து செய்யச் சொன்னாங்க மேடம். செஞ்சேன். 21.4 வந்துச்சு. எழுதிட்டேன். அப்புறம் ஒரு சார், மத்த எல்லாருக்கும் 22.6 வந்துதே, பார்த்துக்கம்மான்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

"அப்புறம்?" என்றார் சந்திரா.

"அடிச்சிட்டேன் மேடம். 22.6-ன்னு எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன்."

"சரி, விடு..."

"வுடல. வாசல் கேட் வரைக்கும் போனோம். டீ சொன்னாங்க அண்ணன், எனக்கு எறங்கல. திரும்பிப் போயி, சார், நான் அடிச்சதுதான் என்னுது, மேல எழுதினது என்னுது இல்லன்னு சொன்னேன். அவரு ஒண்ணுமே சொல்லல. குறிச்சிக்கினாரு. போம்மான்னாரு."

தொலைபேசியை வைத்த பிறகும் சந்திரா அங்கேயே நின்றார். அடித்தது அவள் கை. ஆனால் அடிக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் மாதம் பதில் வந்தது. இந்த ஆண்டு படிப்பில் இடமில்லை. ஆனால் ஓராண்டு ஆய்வகப் பயிற்சிப் பணியாளராகச் சேரலாம், உதவித்தொகை உண்டு, ஆண்டு முடிவில் மறுபடி பார்க்கப்படும்.

"ஒரு வருசம் கான்ட்ராக்ட்டா?" என்றான் கலைச்செல்வன், சந்திராவின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. "சுரங்கத்துலயும் இதையேதான் சொன்னான் டீச்சர் எனக்கு. வருசா வருசம் பார்க்கலாம்னு."

"உன்னைப் பார்க்கவே இல்ல அவங்க. இவளைப் பார்த்துட்டாங்க," என்றார் மருதமுத்து உள்ளேயிருந்து.

கலைச்செல்வன் தங்கையைப் பார்த்தான். "போறியா பாப்பா?"

"போறேன்."

"அப்போ கட்டின பி.எட். பணத்தைக் கேட்டு வாங்கணும். குடுக்க மாட்டான் அவன்," என்று எழுந்தான்.

சந்திரா அந்தக் கல்வியாண்டிலிருந்து கீ எழுதி வைப்பதை நிறுத்தினார். தேர்வு நாள் காலையில் வந்து, தானே கரைசல் தயாரித்து, தானே முதலில் செய்து பார்த்தார். முதல் தேர்வில் பாதிப் பேருக்குமேல் தவறாக வந்தது. ராமலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். சந்திரா மற்ற பத்துப் பேரின் முகவரிகளையும் தேடி எடுத்தார். ஒருவன் ஓசூரில் மருந்துக் கம்பெனியில் இருந்தான், இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருத்தி மூன்று வயதுக் குழந்தையோடு திட்டக்குடியில். ஒவ்வொருவரிடமும் பேசினார். பெரும்பாலோர், அதெல்லாம் போகட்டும் மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா என்றார்கள். அது அவருக்கு வசவைவிடக் கடினமாக இருந்தது. அவர்கள் எதற்காகத் தன்னோடு சண்டை போட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். இரண்டு பேரைத் தவிர மற்றவர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

பெங்களூரிலிருந்து தமிழ்நிலா எப்போதாவது எழுதினாள். கடைசியாக வந்த கடிதம் ஒரே பக்கம். படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள், ஆகஸ்டில் தொடக்கம், அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே இரண்டு வரி: "இங்கே எல்லாரும் மூன்று முறை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். நான் இப்போதும் ஆறு ஏழு முறை செய்கிறேன் மேடம். என் கையை நம்ப அவ்வளவு நேரம் ஆகிறது. குறையும் என்று ஆய்வகத்து சார் சொல்கிறார்."

அது பதினெட்டாம் வட்டத்துக்கு வந்து சேர்ந்த நாள் 2017 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை.